பிளாஸ்டர் ஆளுக்குப் பக்கத்து நாற்காலி

ஐம்பதை நெருங்குகிற வயதில்தான் பொட்டலக்காரருக்கு உட்கார்ந்த வேலை கிடைத்தது. அதுவரை பார்த்ததெல்லாம் நின்ற வேலை, நடந்த வேலை, தூக்கிச் சுமந்த வேலை. சொந்த நாட்டில் கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பொட்டலம் கட்டினார். இங்கே வந்த பிறகு ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டினார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. புது வேலையில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு விடலாம். கண் சிமிட்டலாம். தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

நகரத்துக் கலைக்கூடத்தின் தரைத்தளத்தில் ஒரு காத்திருப்பு அறையை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். இடித்துப்போட்ட பஸ் நிலையத்திலிருந்து கழற்றி வந்த இரும்பு நாற்காலிகள், ஒரே கம்பியில் கோத்த மாதிரி வரிசையாக. சுவரில் ஒரு எண் பலகை. அதில் எண் மாறவே மாறாது. மாறாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து சரிபார்த்துவிட்டுப் போவார். நாற்காலிகளில் பிளாஸ்டரில் வார்த்து, தோல் நிறம் பூசி, நிஜத் துணி மாட்டிய மனிதர்கள். எல்லாரும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்து, ஏதோ ஒரு கட்டத்தில் தெருவில் படுத்தவர்கள். ஒவ்வொரு பிளாஸ்டர் ஆளுக்கும் பக்கத்தில் அதே ஆள் உயிரோடு உட்கார்ந்திருப்பார். எது உயிர், எது பிளாஸ்டர் என்று பார்க்க வருகிறவர்கள் குழம்ப வேண்டும். குழம்பிய பிறகு யோசிக்க வேண்டும். அதுதான் கருத்து என்று இதைச் செய்த சிற்பியம்மா விளக்கியிருந்தார். வேலை வசதிக்காக உயிரோடு இருப்பவர்களை ‘அசல்’ என்றும் பிளாஸ்டர்களை ‘நகல்’ என்றும் சொல்வார்.

சிற்பியம்மா பொட்டலக்காரரைக் கண்டெடுத்தது ஒரு குளிர்காலத்தில். கிடங்கு மூடிப்போய், கிடங்கோடு சேர்ந்த அறையும் போய், அவர் பஸ் நிலையத்து பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த காலம். யாரோ நின்று பார்ப்பது தெரிந்ததும் வழக்கம்போல எழுந்து உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐயோ, எழுந்திருக்காதீங்க. அப்படியே படுங்க, ப்ளீஸ்” என்றார் அந்த அம்மா.

அந்த ஊரில் அவரைப் படுக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எழுந்திருக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

பிறகு பட்டறைக்குக் கூட்டிப்போய், மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகத்தில் ஈரப் பிளாஸ்டரை அப்பினார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்பது அவருக்குத் தெரியாது. அத்தனை வாரக் குளிருக்குப் பிறகு கன்னத்தில் அந்தச் சூடு ஏறியதும் தூங்கிப்போனார். உரிக்க வந்தபோது, “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே” என்று சொல்ல நினைத்தார். வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் அவருடைய நகலின் முகம் கண்ணை மூடி, கன்னம் ஒட்டி, உலகத்தில் யாரிடமும் ஒன்றும் கேட்காத முகமாக அமைந்துவிட்டது. சிற்பியம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. பொட்டலக்காரர் போட்டிருந்த கோட்டையும் ஸ்வெட்டரையும் தலைக்கு வைத்த பையையும் நகலுக்கே எடுத்துக்கொண்டார். பொட்டலக்காரருக்கு அதே மாதிரி கோட்டு ஒன்றைத் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக் கசக்கிக் கொடுத்தார்கள். அசல் ஆள் போலிக் கோட்டிலும் போலி ஆள் அசல் கோட்டிலுமாக இருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

சம்பளம் வந்தது. சம்பளத்தைக் காட்டி ஒற்றை அறை வீடு வந்தது. வீட்டைக் காட்டி, ஊரில் இருந்த மனைவியை வரவழைத்தார். மனைவி வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் சமைத்து, புருஷனுக்கு டப்பா கட்டி, அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைக்கப் போவாள். “மியூசியத்துல உட்கார்ந்த வேலை” என்று அவர் சொல்லியிருந்ததைக் கண்காணிப்பாளர் வேலை என்று எடுத்துக்கொண்டாள். அவரும் மறுக்கவில்லை. ஒருவகையில் அவரும் நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

“நான் பின்னிக் குடுத்த ஸ்வெட்டர் எங்கேங்க?” என்று வந்த வாரமே கேட்டாள்.

“துவைச்சதுல சுருங்கிப்போச்சு.”

“எவ்வளவு சுருங்கிச்சு?”

“ரொம்ப.”

பஸ் நிலையத்துப் படுக்கையைப் பற்றி அவளிடம் அவர் மூச்சு விட்டதில்லை. குளிர்காலம் முழுக்கப் போனில் பேசியபோது, “நல்லா இருக்கேன், வேலைக்குப் போயிட்டு இருக்கேன்” என்பார். அதில் பாதி அவருடைய ஆசை.

சாப்பாடு வேலையைக் காட்டியது. முதலில் கழுத்து எலும்பு மறைந்தது. பிறகு கன்னம் வந்தது. கோடை முடிவதற்குள் கோட்டின் பொத்தான்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. பார்க்க வருகிறவர்கள் அவரையும் நகலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணன் தம்பி போல” என்று நகர்ந்தார்கள். யாரும் குழம்பவில்லை.

ஒருநாள் சிற்பியம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், கன்னம் வந்திருச்சு போலிருக்கே?”

பொட்டலக்காரர் திருடிய பொருளோடு பிடிபட்டவர் மாதிரி கன்னத்தைத் தொட்டார். “கொஞ்சம் வந்திருக்கு மேடம். குறைச்சுக்கிறேன்.”

“நீங்க நல்லா இருக்கிறது எனக்குச் சந்தோஷம்தான், தப்பா நினைக்காதீங்க” என்றார் அவர். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார், அதுதான் அவருக்கும் சங்கடம். “ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கூடத்துக்கு இந்தக் காட்சி போகப்போகுது. அங்கே நிரந்தரமா இருக்கும். அசல் ஆட்களுக்கு நிரந்தரச் சம்பளம். ஆனா அவங்க தேர்வாளர் ஒருத்தர் வந்து பார்ப்பார். ஜோடி பொருந்தலைன்னா, நகலை மட்டும் எடுத்துப்போம்னு சொல்றாங்க.”

பொட்டலக்காரருக்கு அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் வேர்த்தது. இந்தச் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் வீடு. இதைக் காட்டித்தான் மனைவிக்கு இங்கே இருக்க அனுமதி. அடுத்த வருஷம் மறுபடியும் காட்ட வேண்டும். இந்த வயதில் கிடங்குகளில் யாரும் சேர்க்க மாட்டார்கள். போன குளிரில் எல்லாக் கிடங்கிலும் ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று. அவர் குடும்பம் மொத்தமும் ஒரு ஒட்டிய கன்னத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கன்னமோ தினமும் காலையில் மனைவி கையால் நிரம்பிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டைக் குறை என்று அவளிடம் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பாள். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எனவே டப்பாவை மாட்டு டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

மாட்டு டாக்டர் வரிசையில் அடுத்த ஜோடியின் அசல். அவர் நாட்டில் நிஜமாகவே மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர். இங்கே அவருடைய படிப்பை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, மாடும் இல்லை. தனிக்கட்டை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

“பொட்டலம், இது பாவம்யா. உன் வீட்டுக்காரம்மா உனக்குக் கட்டினது.”

“எனக்கு வயிறு சரியில்லை டாக்டரே. நீங்க சாப்பிடுங்க.”

“வயித்துக்கு என்ன?”

“நிறைஞ்சிருக்கு. அதுதான் வியாதி.”

டாக்டர் மறுபேச்சில்லாமல் வைத்தியம் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு, டப்பாவையும் கழுவி, “கைப்பக்குவம்யா” என்று ஏப்பம் விட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உண்ட மயக்கம். அவருடைய அசையாமை அபாரமாகிவிட்டது. ஒரு மழைநாளில் பார்வையாளர் ஒருவர் நனைந்த குடையை அவர் முழங்கையில் மாட்டிவிட்டு முழு அறையையும் சுற்றி வந்து எடுத்துக்கொண்டு போனார். டாக்டருக்குத் தெரியவே தெரியாது.

பொட்டலக்காரர் பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பசியில் வயிறு சத்தம் போட்டது. அது பார்வையாளர்களுக்குக் கேட்டது. பிளாஸ்டருக்கு வயிறு கத்தாது என்பதால் இருந்த கொஞ்சக் குழப்பமும் போயிற்று.

வீட்டில் வேறு விதமாக மாட்டினார். ஒரு சாயங்காலம் மனைவி டப்பாவைத் திறந்து, மூடியைப் பார்த்தாள், அடியைப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வெங்காயம் எங்கே?”

“என்ன வெங்காயம்?”

“நீங்க ஒதுக்கி வைக்கிற வெங்காயம்.”

கல்யாணமான நாள் முதல் அவர் வெந்த வெங்காயத்தைச் சாப்பிட்டதில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். இதற்காக மாமியார் வீட்டில் முதல் விருந்திலேயே சிரித்திருக்கிறார்கள். வெங்காயமே போடாமல் சமைக்கலாம்தான். ஆனால் அவளுக்குப் பிடிக்கும்.

“சாப்பிட்டுட்டேன்.”

“நீங்களா?”

“இந்த ஊரு வெங்காயம் நல்லா இருக்கு.”

அவள் அவரைப் பார்த்தாள். டப்பாவை மூடி வைத்தாள். சண்டை போடும்போது அவளைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். சும்மா இருக்கும்போது தெரியாது. அவள் மனதில் என்ன ஓடியது என்பதைப் பிற்பாடு அவளே சொன்னாள்: வெங்காயம் தின்கிறவள் ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள், சாப்பிட்ட டப்பாவைக் கழுவியும் கொடுக்கிறாள், ஆகையால் கொஞ்சம் நல்ல மாதிரி.

தேர்வாளர் வருகிற நாள் வந்தது. பொட்டலக்காரர் முந்தின நாளிலிருந்து தண்ணீர்தான். கன்னத்தை உள்ளே இழுத்துப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓரளவு நகல் போல இருந்தது. கண்ணாடியில் ஒத்திகை பார்த்திருந்தார். சிற்பியம்மாவும் தூரத்திலிருந்து பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மாட்டு டாக்டர் வழக்கம்போல முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். வரிசையின் ஒரு முனையிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவர் டாக்டருக்கு முன்னால் நிற்கும்போது, பொட்டலக்காரர் வாசல் பக்கம் கண்ணை உருட்டினார். அங்கே, சலவைக்கூடத்து நீல அங்கியோடு, கையில் பையோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வெங்காயம் தின்கிறவளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று பாதி நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

முதலில் உயிரோடிருப்பவரைத்தான் பார்த்தாள். கசங்கிய கோட்டு, கடித்த கன்னம். “இருங்க, உங்களை அப்புறம் பார்த்துக்கிறேன்” என்கிற பார்வை. அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பெண் யாராவது இருக்கிறாளா என்று தேடினாள். வலப்பக்கம் ஒரு குண்டு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நகல் இருந்தது.

அவள் கண் ஸ்வெட்டரில் நின்றது.

கழுத்துப் பட்டையில் நூல் தீர்ந்துபோய் வேறு நிறத்தில் அவள் முடித்த நாலு வரிசை அப்படியே இருந்தது. ஸ்வெட்டர் சுருங்கவே இல்லை. அதற்கு மேலே முகம். ஒட்டிய கன்னம், தாடி, மூடிய கண். மடியில் அவள் அடுக்கிக் கொடுத்த பை. வரிசையின் கடைசி நாற்காலி, நகலுக்கு அடுத்தது, காலியாக இருந்தது. இனிமேல் வரப்போகிறவர்களுக்கான நாற்காலி அது, காலியாகவே இருக்க வேண்டும் என்பதும் கருத்துதான். அவள் அதில் உட்கார்ந்தாள்.

“இது எப்போ?” என்று நகலைக் கேட்டாள்.

நகல் பேசவில்லை. பொட்டலக்காரரும் பேசவில்லை. பேசினால் வேலை போய்விடும். கன்னத்தை இன்னும் அழுத்திக் கடித்தார்.

“எப்போ போன் பண்ணினாலும் பின்னாடி பஸ் சத்தம் கேட்டுச்சு. வேலைக்குப் போயிட்டு இருக்கேன்னீங்க. காலையில கேட்டாலும் வேலைக்குப் போயிட்டு இருக்கேன், மத்தியானம் கேட்டாலும் வேலைக்குப் போயிட்டு இருக்கேன். ஒரு மனுஷன் வேலைக்குப் போயிட்டே இருப்பானான்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.”

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இதுவும் காட்சியில் சேர்ந்ததா என்று ஒருவர் கேட்க, சேர்ந்ததுதான் என்று இன்னொருவர் தைரியமாகச் சொன்னார். தேர்வாளர் கயிற்றுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கினார். சிற்பியம்மா காவலரைக் கையமர்த்தினார்.

“அக்கா பையனுக்கு மொய் வைக்கச் சொல்லிப் பணம் கேட்டேனே, அதுவும் அப்பத்தானே? அனுப்பினீங்களே! எங்கேருந்துங்க அனுப்பினீங்க? ஏன் இப்படிப் பண்றீங்க?”

நகலின் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. குளிர்காலத்திலேயே அறுந்து போனது. அவள் கோட்டை இழுத்து மூடிப் பார்த்தாள், நிற்கவில்லை. பையிலிருந்து சால்வையை எடுத்து உதறி, பிளாஸ்டர் தோளைச் சுற்றிப் போர்த்த ஆரம்பித்தாள். கழுத்தருகே செருகினாள். காய்ச்சல்காரருக்குச் செய்கிற மாதிரி.

பொட்டலக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அதுக்குக் குளிராது” என்றார். கடித்திருந்த கன்னம் விடுபட்டு, இரண்டு பக்கமும் அதன் இடத்துக்கு வந்தது. “எனக்குத்தான் குளிர்ந்துச்சு.”

அவள் திரும்பினாள். சால்வையை நகலிடமிருந்து உருவி இவர் மேல் போட்டாள். கோடைப் புழுக்கத்தில், ஏழெட்டுப் பேருக்கு முன்னால், அதைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எடுக்கத் தோன்றவில்லை.

“டப்பாவை யாரு சாப்பிடுறா?” என்றாள், இப்போது தாழ்ந்த குரலில்.

அவர் முகவாயால் டாக்டரைக் காட்டினார். அவள் அந்தக் குண்டு ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவரா? பொம்மைன்னு இல்ல நினைச்சேன்!”

தேர்வாளரும் அப்படித்தான் நினைத்திருந்தார். “அந்தத் தூங்குகிற உருவம் அற்புதம். இவ்வளவு நிம்மதியைப் பிளாஸ்டரில் கொண்டு வருவது கஷ்டம்” என்று போகும்போது சிற்பியம்மாவிடம் சொன்னார். உண்மை தெரிந்த பிறகு அவருக்கு மதிப்பு இன்னும் கூடியது. ஜோடி பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை, மாட்டு டாக்டர் நிரந்தரமானார். பொட்டலக்காரர் விஷயத்தில், நகல் மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

சிற்பியம்மா சொல்ல வந்தபோது கண் கலங்கியிருந்தார். கலங்கியபடியே, மனைவியைப் பார்த்து, “அம்மா, நீங்க தினமும் வந்து அந்த மாதிரி பேச முடியுமா? அந்த நாற்காலியில உட்கார்ந்து? சம்பளம் வாங்கித் தர்றேன்” என்றார்.

“தினமுமா?” மனைவி யோசித்தாள். “திட்டுறதுக்கு எனக்குக் காசு வேண்டாங்க. வீட்டுலயே இடம் இருக்கு.”

வீட்டில் அந்த வாரம் முழுக்கத் திட்டினாள். நடுநடுவே சாப்பாடு போட்டாள். அந்தக் குளிர்காலத்தை நாள் நாளாகக் கேட்டாள்: எங்கே குளிச்சீங்க, பையை யார் பார்த்துக்கிட்டாங்க, காய்ச்சல் வந்துச்சா? அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடிந்ததும் இரண்டு பேருக்கும் அடுத்த மாத வாடகை ஞாபகம் வந்தது.

காட்சியைக் கழற்றுகிற அன்று, போலிக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கலைக்கூடத்துக்குப் போனார். உருவங்களை ஏற்றிப்போக ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவன் அவருடைய நகலைக் கழுத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி, கழுத்தைப் பிடிக்காதே. இடுப்பைப் பிடி.”

“நீங்க யாரு சார்?”

“அது நான்தான்.”

அவர்களுடைய மேஸ்திரி திரும்பி இரண்டு முகத்தையும் பார்த்தார். முதல்முறையாக ஒருவர் நிஜமாகவே குழம்பினார். பொட்டலக்காரர் அதற்குள் பெட்டிக்குள் குனிந்து, தக்கையை எடுத்து முதுகுக்குக் கொடுத்து, கழுத்துக்கடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டார். பையை எங்கே வைப்பது என்று யோசித்து, தலைக்கடியில் வைத்தார். அதற்கு அந்த இடம்தான் பழக்கம்.

“இந்த வேலை தெரியுமா உங்களுக்கு?” என்றார் மேஸ்திரி.

“இது மட்டும்தான் தெரியும்.”

“எங்களுக்கு ஆள் குறையுது. வயசு?”

சொன்னார். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். பிறகு பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. “மூணு மாசம் பார்ப்போம்” என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்று பொட்டலக்காரர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பெட்டிகளை ஏற்றி முடித்ததும், லாரியின் நிழலில் உட்கார்ந்து, மனைவி அன்றைக்கும் கட்டிக் கொடுத்திருந்த டப்பாவைத் திறந்தார். சாப்பிட்டுவிட்டு, வேலை கிடைத்ததைச் சொல்ல மனைவிக்குப் போன் போட்டார். சரியாக அந்த நேரத்தில் டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

“பின்னாடி என்ன சத்தம்?” என்றாள் அவள்.

“லாரி.”

“எங்கே இருக்கீங்க?”

“வேலைக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “வேலையில இருக்கேன்.”

“காட்டுங்க.”

வீடியோவைப் போட்டு, போனைத் திருப்பி லாரியைக் காட்டினார். பெட்டிகளைக் காட்டினார். மேஸ்திரியைக் காட்டினார். மேஸ்திரி என்ன ஏதென்று தெரியாமல் கையை அசைத்தார்.

“டப்பாவைக் காட்டுங்க.”

காட்டினார். ஓரத்தில் வெங்காயம் வரிசையாக இருந்தது.

“சரி, வைங்க” என்றாள். “துவைக்கிறதுக்கு நிறையக் கிடக்கு.”